எடுத்த இடத்தைச் சொல்வதும் அமானிதமே

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்லூரி மாணவர்கள் மூவர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

  

"இணையமும் மாணவர்களும்" என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு நிர்வாகக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். இணையத்தின் நன்மைகள் இவை, தீமைகள் இவை என்று பட்டியலிட்டு அமர்ந்துவிடுவது எங்களுக்கு எளிது. ஆயினும் அதற்கு முன்பாக இந்தச் சபையில் நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனைச் சொல்லாமல் இத்தலைப்பைத் தொடுவதற்கு எங்களுக்குத் தகுதியில்லை.

சென்ற ஆண்டு மலரில் "கல்வியும் இஸ்லாமும்" என்ற கட்டுரை எங்கள் மூவர் பெயரில் வெளிவந்தது. பெரியோர்கள் பலர் படித்துப் பாராட்டினீர்கள். வீடு தேடி வந்து கைகொடுத்து துஆச் செய்தவர்களும் உண்டு. அந்தக் கட்டுரையின் பதினெட்டுப் பத்திகளில் பதினொன்று எங்களுடையவை அல்ல. அவை வேறொருவர் எழுதியவை. எங்கள் பெயரைப் போட்டுக்கொண்டோம். அவர் பெயரை விட்டுவிட்டோம்.

ஹஜ்ரத் கேட்ட கேள்வி

மலர் வெளிவந்த மறுவாரம், இஷாத் தொழுகைக்குப் பின் இமாம் ஹஜ்ரத் அவர்கள் எங்களை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டார்கள். கட்டுரையில் நாங்கள் நபிமொழி என்று எழுதியிருந்த ஒரு வாசகத்தைச் சுட்டிக்காட்டினார்கள். சீனா சென்றேனும் கல்வியைத் தேடுங்கள் என்ற கருத்துடையது அது. மேடைதோறும் நாம் கேட்டுப் பழகியது.

"இது எந்தக் கிதாபில் இருக்கிறது தம்பி?" என்று கேட்டார்கள்.

"இணையத்தில் இருக்கிறது ஹஜ்ரத்" என்றோம்.

ஹஜ்ரத் சிரித்தார்கள். "இணையம் கிதாபு இல்லை, கிதாபுக் கடை. எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. எழுதியவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று கேட்கிறேன்" என்றார்கள்.

எங்களிடம் மறுமொழி இல்லை. அந்த வாசகத்தைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் சொன்னவற்றை ஹஜ்ரத் அவர்களே எடுத்துரைத்தார்கள். இமாம் பைஹகீ (ரஹ்) அவர்கள் இதன் வாசகம் பிரபலமானது, அறிவிப்பாளர் தொடரோ பலவீனமானது என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களோ இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் தொகுப்பிலேயே இதனைச் சேர்த்துவிட்டார்கள். கல்வியின் சிறப்பைச் சொல்ல வேண்டுமாயின், கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்ற கருத்தில் இப்னு மாஜா நூலில் இடம்பெறும் நபிமொழி இருக்கின்றதே என்றும் சொன்னார்கள்.

அன்றிரவு நாங்கள் கட்டுரையின் மூலத்தைத் தேட முற்பட்டோம். எங்கெங்கிருந்தோ எடுத்து ஒட்டியதால், எது எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்கே மறந்துபோயிருந்தது. தேடுபொறியில் ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடினால், அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களை மட்டும் காட்டும். எங்கள் கட்டுரையின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக அவ்வாறு தேடினோம். நாங்கள் பார்த்து எழுதிய பக்கமும் ஒரு நகல்தான் என்பது தெரிந்தது. அதற்கு மூலமாக இருந்தது, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரை.

அக்கட்டுரையைப் படித்தபோது வெட்கித் தலைகுனிந்தோம். சீனாவைப் பற்றிய அந்த வாசகத்தை அவரும் குறிப்பிட்டிருந்தார். ஆனால் அதன் கீழே, இது நபிமொழியாக மக்களிடையே வழங்குகிறது, எனினும் இதன் தொடர் பலவீனமானது என்று ஒரு குறிப்பையும் சேர்த்திருந்தார். இடையில் நகலெடுத்தவர் அவர் பெயரை நீக்கியபோது அந்தக் குறிப்பையும் சேர்த்து நீக்கிவிட்டார். நகலை நகலெடுத்த நாங்கள், சரியாகச் சொன்ன ஒரு மனிதரின் உழைப்பைத் தவறாக்கி, அறுநூறு பிரதிகளில் அச்சிட்டு உங்கள் இல்லங்களுக்கு அனுப்பிவைத்தோம்.

சங்கிலி அறுந்தால்...

இதிலிருந்து நாங்கள் கற்ற முதற்பாடம் இதுதான். எடுத்த இடத்தைச் சொல்வது வெறும் மரியாதை அன்று. தவறு நேர்ந்தால் திரும்பிச் சென்று திருத்திக்கொள்வதற்கான பாதை அது. பெயரை அறுத்துவிட்டால் அந்தப் பாதையும் அறுந்துபோகின்றது.

இந்த உண்மையைக் கல்லூரியில் பேராசிரியர்கள் புதிய பாடமாக எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆனால் நம் முன்னோர் இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கலையாக வளர்த்திருந்தார்கள். ஸஹீஹுல் புகாரீயின் முதல் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் கருத்துடையது அது. ஹிஜ்ரீ 256இல் வபாத்தான இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் அதனை நேராகத் தொடங்கிவிடவில்லை. தமக்குச் சொன்னவர் அல்ஹுமைதீ. அவருக்குச் சொன்னவர் ஸுஃப்யான். அவருக்கு யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரீ. அவருக்கு முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்தைமீ. அவருக்கு அல்கமா இப்னு வக்காஸ். அவர் கேட்டது மிம்பரில் நின்ற உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்களிடம் என்று ஆறு பெயர்களைக் கடந்த பின்னரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லுக்கு வருகிறார்கள். மதரஸாவில் ஓதியபோது இந்தப் பெயர் வரிசை எங்களுக்குச் சுமையாகத் தோன்றியது. இன்று அதன் பொருள் விளங்குகிறது.

பெயர்களைச் சொன்னதோடு அவர்கள் நின்றுவிடவும் இல்லை. சொன்னவர் நம்பிக்கைக்குரியவரா, நினைவாற்றல் உடையவரா, யாரிடமிருந்து கேட்டதாகச் சொல்கிறாரோ அவரைச் சந்தித்தவர்தாமா என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். ஹாபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் "தஹ்தீபுத் தஹ்தீப்" போன்ற பெருநூல்கள் இதற்காகவே எழுந்தவை.

பிறர் எழுத்தைத் தமதாக்கிக்கொள்வதையும் அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. திருக்குர்ஆன் விரிவுரையாளர் இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே, ஒவ்வொரு கருத்தையும் அதைச் சொன்னவருடனும், ஒவ்வொரு நபிமொழியையும் அதைத் தொகுத்தவருடனும் சேர்த்தே உரைப்பது தம் நிபந்தனை என்று அறிவித்துவிடுகிறார்கள். சொன்னவரைச் சொல்வதில்தான் கல்வியின் பரக்கத் இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறார்கள். ஹிஜ்ரீ 911இல் வபாத்தான இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்களோ, தம் நூல்களிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்ட ஒருவரைக் கண்டித்து ஒரு தனி நூலே எழுதினார்கள். நூலாசிரியரையும் திருடரையும் பிரித்தறிவது என்னும் பொருளில் அமைந்தது அதன் தலைப்பு. அத்தலைப்பைக் கேட்டதும், எங்களைப் பற்றி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தது போலிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்லூரியில் இறுதியாண்டு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், நூலகர் அதனை ஒரு மென்பொருளில் இட்டுப் பார்த்தார். பிற நூல்களோடும் இணையப் பக்கங்களோடும் ஒத்துப்போகும் வரிகள் வண்ணம் பூசப்பட்டு வெளிவந்தன. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இது விளையாட்டன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 40ஐத் தாண்டினால் ஓராண்டு வரை சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே இரத்தாகும். மேற்கோள் குறியிட்டு, எடுத்த இடத்தையும் சொல்லிவிட்ட பகுதிகள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. பிறர் சொல்லை எடுப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம் என்பது இதனால் விளங்கும்.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும் என்று நூலகர் எங்களுக்கு உணர்த்தினார். ஒன்று, சொன்னவர் பெயரைச் சொல்வது. மற்றொன்று, உரிமையுடையவரிடம் அனுமதி பெறுவது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, நூலாசிரியரின் ஆயுட்காலமும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அவருடைய எழுத்துக்கு உரிமை உண்டு. உமறுப் புலவர் மறைந்து முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆகவே அந்நூலை யாரும் அச்சிடலாம், அனுமதி தேவையில்லை. அதற்காக அதன் பாடல்களை நாங்கள் பாடியவை என்று சொல்லிவிட முடியுமா? அனுமதி தேவைப்படாத இடத்திலும் பெயர் தேவைப்படுகிறது. இதற்கு மாறாக, இன்று வாழும் ஓர் ஆசிரியரின் முழு நூலையும் அவர் பெயருடனேயே ஒளிவருடி எல்லோருக்கும் அனுப்பிவைத்தால், பெயர் சொல்லியும் உரிமை மீறப்படுகிறது.

சட்டம் மாணவர்களிடம் கடுமையாக நடந்துகொள்கிறது என்று எண்ண வேண்டாம். சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்துக்கொள்வதை அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடப் பகுதிகளை நகலெடுத்துத் தந்த ஒரு நகலகத்தின் மீது, பெரும் பதிப்பகங்கள் மூன்று 2012இல் வழக்குத் தொடுத்தன. கல்வி கற்பிக்கும் நோக்கில் செய்யப்படும் நகல்களுக்குச் சட்டம் இடமளிக்கிறது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இத்தீர்ப்பு பேருதவி. ஆனால் படிப்பதற்குத் தரப்பட்ட சலுகையைக் கொண்டு பிறர் உழைப்பை விற்பதோ, நம் பெயரில் வெளியிடுவதோ தகாது.

மார்க்க அடிப்படையிலும் இது ஆராயப்பட்டுள்ளது. 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கமும் கண்டுபிடிப்பும் வணிகப் பெயரும் அவற்றிற்கு உரியவர்களின் உரிமைகள் என்றும், அவற்றை மீறுவது கூடாது என்றும் தீர்மானித்தது. இதில் ஆலிம்களிடையே வேறு கருத்துகளும் இருந்திருக்கின்றன. அவற்றை விளக்குவது எங்கள் தகுதிக்கு உட்பட்டதன்று. ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெளிய வேண்டுகிறோம்.

வெட்டப்பட்ட மூலை

எங்கள் கட்டுரையோடு ஒரு புகைப்படமும் வெளிவந்தது நினைவிருக்கலாம். மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரத்தில், கி.பி. 859இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரீ என்னும் பெண்மணியால் நிறுவப்பட்டதாக வரலாறு போற்றும் கரவிய்யீன் பள்ளிவாசலின் படம் அது. படத்தின் மூலையில் எடுத்தவரின் பெயர் இருந்தது. அழகு கெடுகிறது என்று அம்மூலையை வெட்டிவிட்டோம்.

பிறகு தேடிப் பார்த்தபோது, அப்படத்தை எடுத்தவர் "கிரியேட்டிவ் காமன்ஸ்" உரிமத்தின்கீழ் அதனை வெளியிட்டிருந்தார் என்பது தெரிந்தது. 2002ஆம் ஆண்டு முதல் வழக்கிலிருக்கும் ஏற்பாடு அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயரை மட்டும் குறிப்பிட்டால் போதும் என்று படைப்பாளரே முன்கூட்டி அனுமதி தந்துவிடலாம். அந்த மனிதர் பணம் கேட்கவில்லை. அவர் கேட்ட ஒரே விலை அவருடைய பெயர். இலவசமாகக் கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டு, அந்த ஒரே விலையையும் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டோம்.

செய்தியை உரசிப் பார்த்தல்

தீயவர் ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதிருக்குமாறு, அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்துடைய நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை நூறு பேருக்கு அனுப்ப நமக்கு ஒரு நொடி போதும். ஆகவே இந்த எச்சரிக்கை அக்காலத்தைவிட இக்காலத்திற்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

நம் மஹல்லாவில் நடந்ததையே சொல்கிறோம். சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகைக்கு நாளையே கடைசி நாள், ஒன்றாம் வகுப்பு முதல் விண்ணப்பிக்கலாம் என்ற செய்தி நமது குழுவில் வந்தது. நான்காம் வகுப்புப் படிக்கும் மகளின் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கூலியை இழந்து, ஒரு தாய் கணினி மையத்தில் காத்திருந்து திரும்பினார். மத்திய அரசு அந்த உதவித்தொகையை 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2022ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. செய்தி பொய்யன்று, பழையது. அதில் ஆண்டு குறிப்பிடப்படவில்லை. அனுப்பியவர்களில் எவரும் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர்; எல்லோரும் நன்மையை நாடியே அனுப்பினார்கள். நல்லெண்ணம் மட்டும் செய்தியை உண்மையாக்கிவிடுவதில்லை.

ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொண்டோம். சொன்னவர் யார்? முதலில் வெளிவந்தது எங்கே? எந்த ஆண்டு, எந்த நாள்? படமாயின், கூகுள் லென்ஸ் போன்ற வசதியில் அதனை இட்டால் இதற்கு முன் எங்கெங்கே வெளிவந்தது என்பதைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம்.

இப்போது சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. கேட்டவுடன் கட்டுரை எழுதித் தருகின்றன. நூற்பெயரும் பக்க எண்ணும்கூடத் தருகின்றன. அவற்றுள் சில, உலகில் இல்லாத நூல்களாக இருப்பதை நாங்களே கண்டோம். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சிலர், அச்செயலி தந்த முன்தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை என்பது தெரியவந்து, 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கில் தோற்றால் அபராதத்தோடு போகும். மார்க்கத்தின் பெயரால் இல்லாத ஒன்றைச் சொன்னால் அதற்குரிய கேள்வி எங்கே கேட்கப்படும் என்பதை இச்சபைக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

திருப்பித் தர முடிந்தது எவ்வளவு?

ஒருவருக்கு அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்படாத அந்த நாள் வரும் முன்பே, இன்றே அவரிடம் மன்னிப்புப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் புகாரீயில் ஒரு நபிமொழி உண்டு. அல்லாஹ்வின் உரிமையில் தவறினால் அவனிடம் பாவமன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் உரிமையில் தவறினால் அந்த அடியாரிடமும் போய் நிற்க வேண்டும் என்று ஹஜ்ரத் அவர்கள் எங்களுக்கு அறிவுறுத்தினார்கள்.

பொருளை எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்போம். சொல்லை எவ்வாறு திருப்பிக் கொடுப்பது? அந்த ஆசிரியரின் முகவரியைத் தேடிப் பிடித்து, நடந்ததை மறைக்காமல் கடிதம் எழுதி, மலரின் பிரதியையும் இணைத்து அனுப்பினோம். மூன்று வாரங்கள் மறுமொழி இல்லை. அந்த மூன்று வாரங்களும் பள்ளிவாசலில் எங்கள் கட்டுரையை யாரேனும் பாராட்டினால் முகம் கொடுக்க முடியாமல் ஒதுங்கிப் போனோம்.

பின்னர் ஓர் அஞ்சலட்டை வந்தது. எங்களை மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தார். பெயரைப் போடாததற்காகத் தாம் வருந்தவில்லை என்றும், அந்தக் குறிப்பையாவது போட்டிருக்கலாம் என்றும், பிரதி போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் திருத்தமும் போய்ச் சேர வேண்டும் என்றும் கேட்டிருந்தார். தம் உரிமையைவிட நம் மார்க்க அறிவு பழுதுபடக் கூடாது என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கிறோம்.

அவர் கேட்டபடி திருத்தத் துண்டு ஒன்றை அச்சிட்டு, பள்ளிவாசல் நூலகப் பிரதியிலும், எங்களால் செல்ல முடிந்த வீடுகளின் பிரதிகளிலும் ஒட்டினோம். வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்ற பிரதிகளை எட்ட முடியவில்லை. இவ்வுரையை இவ்வாண்டு மலரில் வெளியிட இசைந்த நிர்வாகக் குழுவினரால் அந்தக் குறையும் இன்ஷா அல்லாஹ் நீங்கும். உங்கள் பாராட்டுகளையும் இச்சபையில் திருப்பித் தந்துவிடுகிறோம். அவை எங்களுக்குரியவை அல்ல.

மூன்று வேண்டுகோள்கள்

நிறைவாக ஜமாஅத் பெருமக்களிடம் பணிவுடன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவதாக, இனி மலருக்கு வரும் எந்தக் கட்டுரையிலும், அது மாணவர் எழுதியதாயினும் பெரியவர் எழுதியதாயினும், கருத்தும் படமும் எடுத்த இடம் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்று மலர்க் குழு நிபந்தனை விதிக்க வேண்டுகிறோம்.

இரண்டாவதாக, நமது வாட்ஸ்அப் குழுவில் நபிமொழி என்று எதனை அனுப்பினாலும் நூலின் பெயரும் எண்ணும் இருக்கட்டும். இல்லாதவற்றை ஹஜ்ரத் அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்திவைப்போம். அறிவிப்புகளில் நாளும் ஆண்டும் இருக்கட்டும்.

மூன்றாவதாக, மதரஸாப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், இணையத்தில் தேடுவதையும் சரிபார்ப்பதையும் எடுத்த இடத்தைக் குறித்துவைப்பதையும் கற்றுத்தர எங்களுக்கு அனுமதி தர வேண்டுகிறோம். தவறு செய்து கற்ற பாடம் என்பதால் எங்களுக்கு அது மறக்காது. அவர்கள் தவறு செய்யாமலே கற்றுக்கொள்ளட்டும்.

இவ்வுரையில் நாங்கள் சொன்னவற்றுள் கிதாபுகளைப் பற்றியவற்றை ஹஜ்ரத் அவர்களிடமும், சட்டத்தையும் பல்கலைக்கழக விதிகளையும் பற்றியவற்றை எங்கள் கல்லூரி நூலகரிடமும் கற்றோம். பிழை ஏதேனும் இருப்பின் அது எங்களுடையது, சுட்டிக்காட்டித் திருத்துங்கள்.

பிறர் உரிமையைப் பேணும் கூட்டத்தாருள் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! அந்த ஆசிரியருக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த நலத்தையும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.